கழுத்தில் தொங்கிய எதிர்காலம்

ரோச் லைற் என்கிற கைவிளக்கின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் ரோச் அண்ணைதான். மற்றவர்கள் எல்லோரும் அதைப் போனுக்குள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தாராபுரம் போகும் வழியில் ரேடியோ, மின்விசிறி திருத்தும் கடை வைத்திருந்தார். முதலில் பாட்டுப் பாடும் ரோச் செய்தார். பிறகு இரவில் கடிக்கும் நுளம்பை அடிக்கும் ரோச். இரண்டிலும் வெளிச்சத்தைவிடச் சத்தம்தான் கூட வந்தது. கடைசியில் ஞானம் பிறந்தது: ரோச்சின் எதிரி சுவிட்ச். இருட்டினால் தானாக எரிய வேண்டும், விடிந்தால் தானாக அணைய வேண்டும். சுவிட்சைக் கழற்றி எறிந்தார்.

சுவருக்குக் கிட்டப் பிடித்தால், தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து, விடிந்துவிட்டதென்று அது அணைந்தது. பைக்குள் வைத்தால் பகல் முழுக்க எரிந்தது. நான் குறை சொன்னேன்.

"அதுக்கு அறிவு கூடிப்போச்சு தம்பி. நாங்கள்தான் பழகோணும்" என்றார்.

இப்போது எந்த அரசாங்கக் கந்தோரில் எந்தக் கணினி மக்கர் பண்ணினாலும் இதே பதில்தான் கிடைக்கிறது. இதில் முன்னோடி அண்ணைதான்.

மனைவி காலமான பிறகு அவர் தனியாள். கனடாவில் இருந்த மகள் வரச்சொல்லி நச்சரித்தாள். விசாவும் வந்துவிட்டது. அவருக்குப் போக மனமில்லை. இருப்பதற்கோ ஒரு காரணம் தேவைப்பட்டது. உயிர்ப்புப் பெருநாளுக்குள் சனம் என் ரோச்சை வாங்கினால் இருப்பேன், இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் போவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் ஊர் முழுக்கச் சொன்னேன். ஊர் முழுக்க வாங்கிக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டது. பெருநாளுக்கு முதல்நாள் இரவு நடக்கும் பாஸ்கா பூசைக்கும் அதோடேயே வந்தது.

அந்தப் பூசையில் கோயில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் காத்து நிற்போம். புது நெருப்பில் ஏற்றிய பெரிய மெழுகுதிரியோடு பங்குச் சுவாமி உள்ளே வருவார். அதுதான் முதல் வெளிச்சமாக இருக்க வேண்டும்.

மெயின் சுவிட்சை அணைத்தார்கள். கோயில் முழுக்க நெஞ்சுகள் பளிச்சென்று எரிந்தன. நிறுத்தச் சுவிட்ச் இல்லை. பெண்கள் முக்காட்டால் மூடினார்கள். இருட்டு கூடிவிட்டதென்று ரோச் இன்னும் திடமாக எரிந்தது.

சுவாமி மெழுகுதிரியோடு வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணை, ஆண்டவருக்கு முதல் நீங்கள் எழும்பிட்டியள்" என்றார்.

கோயிலே சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை.

பூசை முடிய, வாசலில் ஒரு ஓலைக் கடகத்தை வைத்துக்கொண்டு நின்றார். இது பூசையைக் கெடுத்துப்போட்டுது, எல்லோரும் ரோச்சைக் கழற்றிப் போடுங்கோ, நான் கனடா போறன் என்றார். முதலில் வந்தவர் மீன் விற்கும் றீற்றா அக்கா. தன் ரோச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் வேணுமெண்டால் போங்கோ. இது வராது. நான் இருட்டில வீட்ட போகோணும்."

அவருக்குப் பின்னால் வந்த ஒருவரும் கழற்றவில்லை. அண்ணை வெறுங் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கனடாவுக்குப் போகவில்லை.

என் ரோச் இப்போதும் அலுமாரிக்குள், ஒருவருக்கும் பயனில்லாமல் எரிகிறது. பற்றரி முடிந்தால் உடனே அவர் கடைக்கு ஓடுகிறேன். அது அணைந்து கிடந்தால், அவர் போய்விட்டாரோ என்று பயமாக இருக்கிறது.