ஆறு மாதத்தில் மக்கிவிடும்

உச்சிமாகாளி அந்தப் பையை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்திருந்தார். தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கொலைக் கேஸில் அகப்பட்ட கத்தியைத் தூக்குகிற மாதிரிதான் எதையும் தூக்குவார்.

"மாப்ளே, இதுல என்ன எழுதியிருக்குன்னு நீரே வாசியும்."

மணிமுத்து வாசித்தான். "மணிமுத்து, ஸ்வாதி."

"அதுக்குக் கீழ?"

மணிமுத்து இன்னும் குனிந்தான். "ஆறு மாதத்தில் முழுமையாக மக்கிவிடும்."

சுரண்டையில் வருங்கால மாமனார் வீட்டுக் கூடத்தில், மணிமுத்து நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"அது பையைச் சொல்லுது மாமா. எங்களச் சொல்லல."

"எனக்குப் புரியுது. கல்யாணத்துக்கு வார ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி நீரு விளக்கம் சொல்லுவீரா?"

மணிமுத்து விளக்கம் சொல்லியே இளைத்தவன். போன வருடம் மதுரையில் ஒரு ஓட்டலில் கூட்டம் நடந்தது. கச்சா எண்ணெய்க்குப் பதில் செடிகொடியில் இருந்து செய்கிற பிளாஸ்டிக்கின் சந்தை எப்படி வளரப்போகிறது என்று திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். கோடு செங்குத்தாக ஏறியது. கோட்டு போட்டவர் சொன்னதால் மணிமுத்து நம்பினான். சோள மாவில் செய்த பைகளுக்கு ஏஜென்சி எடுத்து, குற்றாலத்தில் கடை போட்டான்.

எண்ணெய் மசாஜ் செய்பவர், நேந்திரம் சிப்ஸ் கடைக்காரர், பழக்கடைக்காரர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "நல்ல விஷயம் தம்பி. எல்லாரும் வாங்கட்டும், பொறவு நாங்களும் வாங்குதோம்."

சந்தை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அவன் கடைப் பக்கம் மட்டும் வரவில்லை.

அதனால்தான் தன் கல்யாணத்தையே விளம்பரமாக்கினான். தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை தன் சரக்காக இருந்தால் கடையம், ஆய்க்குடி என்று வீடுவீடாகப் போய்ச் சேருமே!

"ஏட்டி செண்பகம், அந்தப் பையை எடுத்துட்டு வா" என்றார் உச்சிமாகாளி.

மாமியார் செண்பகவல்லி, பாதிவரை கத்தரிக்காய் இருந்த ஒரு தடித்த பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். இரண்டு வெள்ளைப் புறாக்கள். கீழே தங்க எழுத்தில் 'பெஞ்சமின் – சுஜிதா.'

"யாரு மாமா இவங்க?"

"எவனுக்குத் தெரியும்? பந்தோபஸ்துக்குப் போன இடத்துல, பக்கத்து மண்டபத்துல கல்யாணம். சாப்பிடச் சொன்னாவ, பை குடுத்தாவ. பதினஞ்சு வருஷமா இதுலதான் காய்கறி வாங்குதேன். ஒரு எழுத்து அழிஞ்சிருக்கா? கல்யாணம்னா இப்படி நிக்கணும்வே! உம்ம பையில அந்த வரி போகணும். இல்லன்னா முகூர்த்தமே கிடையாது."

தாலிக்கும் அவனுக்கும் இடையே ஒரு வரிதான் நின்றது. மணிமுத்துவும் நண்பன் மாடக்கண்ணுவும் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பையிலும் அந்த வரியின் மேல் தென்காசி காசிவிசுவநாதர் கோயில் கோபுர ஸ்டிக்கரை ஒட்டினார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம், பக்திக்குப் பக்தி.

மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோகையில் சுகாதார ஆய்வாளர் கைகாட்டி நிறுத்தினார். குற்றாலத்துக் கடைக்காரர்கள் அவரை 'மேடம்' என்று மட்டும்தான் சொல்வார்கள், அதையும் மெதுவாகத்தான் சொல்வார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகூட எப்போதும் முதுகைத்தான் காட்டும்.

"என்ன பை?"

"சோள மாவுப் பை மேடம். மக்கிரும்."

"அப்படி எதுலயும் எழுதலையே?"

"கோபுரத்துக்குக் கீழ எழுதியிருக்கு மேடம்."

"அந்த வரி வெளிய தெரியணும். தெரியலன்னா எனக்கு இது சாதா பிளாஸ்டிக்தான். அள்ளிட்டுப் போயிருவேன். அதுலயும் கல்யாணப் பைன்னா விடவே மாட்டேன். அதுதான் ஜென்மத்துக்கும் கிடக்கும்."

ஸ்டிக்கர்களை உரித்தார்கள். வரி வெளியே வந்தது. மணிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"ஏலே, இதுக்கா அழுத?" என்றான் மாடக்கண்ணு. "வரியத்தான மறைக்கக் கூடாது? பேர மறை. யாரு கல்யாணம்னு தெரியாமலா சாப்பிட வருவான்?"

அதே கோபுரங்களைப் பெயர்கள் மேல் ஒட்டினார்கள்.

உச்சிமாகாளி வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மேலே கோபுரம். கீழே 'ஆறு மாதத்தில் முழுமையாக மக்கிவிடும்.'

"மாப்ளே, முதல்ல என் மகளுக்குத்தான் வேட்டு வச்சீரு. இப்ப காசிவிசுவநாதருக்கே வச்சிட்டீரே!"

மறுபடியும் உரித்தார்கள். அன்று ஸ்வாதி போன் செய்தாள்.

"எங்கப்பா கல்யாணப் பத்திரிகையவே எஃப்.ஐ.ஆர். மாதிரிதான் படிப்பாரு. அவருகிட்ட, அது சும்மா சட்டத்துக்காக எழுதுனது, நிஜத்துல மக்காதுன்னு சொல்லிருங்க."

"பொய்யில்லா?"

"உங்களுக்குக் கல்யாணம் வேணுமா, உண்மை வேணுமா?"

மணிமுத்து கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்தான்.

உச்சிமாகாளி சும்மா நம்புகிறவரா? பையில் தேங்காய்களைப் போட்டு, மோட்டார் சைக்கிளில் மாட்டி, சுரண்டையைச் சுற்றிவந்தார். பை கிழியவில்லை. மனது குளிர்ந்து போய், டீக்கடையில் நின்று அறிவித்தார். "எம் மாப்ள குடுக்குத பை எந்தக் காலத்துலயும் மக்காதுவே! எழுதியிருக்குததெல்லாம் அதிகாரிய ஏய்க்கத்தான்!"

சுரண்டையில் சொன்ன செய்தி தென்காசிக்குப் பேருந்தைவிட முந்திப் போய்விடும்.

முகூர்த்த நாள். வெளியே சாரல். குற்றாலத்து மண்டபத்தில் மணிமுத்து மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருந்தான். கெட்டிமேளத்துக்கு மேளக்காரர் குச்சியைத் தூக்குகிற நேரத்தில், குடையை மடக்கியபடி மேடம் உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு சாக்கோடு.

மேடம் நேரே மணவறைக்கே வந்தார். "உங்க பை மக்காதாமே?"

"மக்கும் மேடம்."

"மக்குமா?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். உச்சிமாகாளி.

"மக்காது மாமா."

"மக்காதா?" மேடம் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

"மக்கும் மேடம்."

"மாப்ளே!"

மேளக்காரருக்குக் குச்சி அந்தரத்தில் நின்றது. ஐயருக்கு மந்திரம் மறந்தது. ஸ்வாதி தலையைக் குனிந்தபடியே முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அது எந்தப் பதிலுக்கான இடி என்று மணிமுத்துவுக்குப் புரியவில்லை. புகை கண்ணைக் கரித்தது. ஒரு வருடமாக ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று சொன்ன ஒரே வாக்கியம் தானாகவே வாயில் வந்துவிட்டது.

"மக்கும். மண்ணுல புதைச்சா தடம் தெரியாம மக்கிப்போகும். நான் விக்கிற பைய நானே மக்காதுன்னு சொல்ல மாட்டேன் மாமா."

"அப்ப மேளத்த நிறுத்துங்கலே!" உச்சிமாகாளி மனைவியின் கையிலிருந்த புறாப் பையைப் பிடுங்கினார். அதிலிருந்த பூவும் குங்குமச் சிமிழும் மணவறையில் சிந்தின. பையை மேடத்தின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். பதினஞ்சு வருஷத்துப் பை. பேரப் பாருங்க, புறாவப் பாருங்க, ஒரு எழுத்து போகல. இந்த மாதிரிப் பையில குடுத்தாத்தான கல்யாணம் நிக்கும்?"

மேடம் பையைக் கையில் வாங்கினார். புறாக்களைப் பார்த்தார். தங்க எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். பிறகு ரசீதுப் புத்தகத்தை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மேளக்காரரிடம், "நீங்க வாசிங்க" என்றார்.

"எப்படி வாசிப்பான்? எனக்குப் பதில் சொல்லலையே!" என்றார் உச்சிமாகாளி.

"அந்த சுஜிதா நான்தான் அண்ணாச்சி. கல்யாணம் ஆறு மாசங்கூட நிக்கல. பைதான் இன்னும் மக்காம அலையுது."