பூப்போட்ட குடுவையும் புகைக்குழாயும்

ஒரு படகின் புகைக்குழாய் பொதுமக்கள் மனத்தைப் புண்படுத்துவதாக, சென்ற குளிர்காலத்தில், நாங்கள் படகிலேயே குடியிருக்கும் எங்கள் கால்வாயில் அதிகாரபூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

குழாய் பெரில் டக்வெல்லுடையது. என் படகுக்கு முன்னால் தன் படகைக் கட்டி நிறுத்தியிருப்பவள். முந்தைய குளிரில் ராத்திரியெல்லாம் இருமி ஆளே பாதியாகிவிட்டாள். அதனால்தான் டீசல் ஹீட்டர் மாட்டினாள். அதன் புகை ஆளைக் கொல்லும் என்று தெரிந்தவள். குழாய்க்கு வெப்பம் தாங்கும் துணி சுற்றி, இணைப்புகளை இறுக்கி, தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே, ஜன்னலுக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் படகின் பக்கவாட்டில் வெளியே விட்டாள். உள்ளே, விஷவாயு சேர்ந்தால் அலறும் மணியும் மாட்டினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஹார்போட்டில் முதலில் வருவார்.

அவர் கால்வாய்த் தோற்றப் பாதுகாப்புக் குழுவின் அலுவலர். அவர் அனுமதி தராமல் ஹீட்டரைப் போடக் கூடாது.

"ஏம்மா, குழாய் நடைபாதையிலேருந்து தெரியுதே?"

"தெரிஞ்சா என்ன சார்? புகை வெளிய போகணுமில்ல?"

"தாராளமா போகட்டும். யாருக்கும் தெரியாம போகட்டும். பாரம்பரியம்மா இது! நடக்க வர்றவங்க மனசு என்ன பாடுபடும்?"

பெரில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஓட்டையை அடைத்தாள்; குழாயைத் தண்ணீர்ப் பக்கம் மாற்றினாள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எங்கள் படகுகள் ஓரிடத்தில் நிற்கக் கூடாதே! கிளம்பினோம். கால்வாய்க்கு ஒரு கரையில்தான் நடைபாதை; அடுத்த பாலத்தில் அது வழக்கம்போல் எதிர்க்கரைக்கு மாறியது. குழாய் மறுபடி நடைபாதைப் பக்கம். பாலத்தடியில் ஹார்போட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"அட என்ன சார் இது, குழாய நான் தொடவேயில்ல! பாதைதான் மாறிடுச்சு!"

"ஒத்துக்கறேன். ஆனா பாதைக்கு நோட்டீஸ் குடுக்க எனக்கு அதிகாரமில்ல. உங்களுக்குக் குடுக்கலாம்."

"அப்ப படகத் திருப்பி, பின்பக்கமாவே ஓட்டிட்டுப் போகவா?"

ஹார்போட்டில் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "விதியில தடை இல்ல."

எங்கள் படகுகள் பின்னால் போகும்போது கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி, யார் பேச்சையும் கேட்காது. பெரில் இரண்டு கரையையும் இடித்தாள், பிறகு என்னை இடித்தாள். வாத்துகளெல்லாம் வயலுக்குக் குடிபெயர்ந்தன.

மனமிரங்கிய ஹார்போட்டில் ஓர் உபாயம் சொன்னார். எங்கள் கூரைகளில் ரோஜாவும் கோட்டையும் வரைந்த தகரத் தண்ணீர்க் குடுவை வைத்திருப்போம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதற்கு உயிரையே விடுவார்கள். அதில் ஒன்றைக் குழாய் வாயில் மாட்டிவிட வேண்டியது.

"புகை?"

"குடுவைக்கு மூக்கு இருக்கில்ல? அது வழியா போகட்டும்."

மூக்கு நேராக ஜன்னலைப் பார்த்தது. அதைக் குழு கவனிக்கவில்லை. பார்க்க அவ்வளவு அழகு! ஒரே வாரத்தில் கால்வாய் முழுக்கக் குடுவை மயம். ஹீட்டர் இல்லாதவர்கள் குடுவைக்காக ஹீட்டரும், அதோடு வந்த விஷவாயு மணியும் வாங்கினார்கள். நான் இரண்டு மாட்டினேன், ஒன்று சும்மா ஜோடிக்கு.

இறுதிப் பரிசோதனைக்கு ஹார்போட்டில் பெரில் படகில் டீயோடு உட்கார்ந்தார். ஹீட்டரைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் மணி அலறியது.

"அம்மா, இது அமைதி மண்டலம்! அத நிறுத்துங்க."

"சார், அது சாவு மணி!"

"அதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்குக் கால் துவண்டது. பெரில் அவருடைய டையைப் பிடித்துத் தரதரவென்று புல்லுக்கு இழுத்துப் போட்டாள். இருமிக்கொண்டே திரும்பிப் போய்க் குடுவையைக் கால்வாயில் உதைத்துத் தள்ளினாள். மூச்சு வந்ததும் அவர், உயிரோடிருப்பதும் பாரம்பரியத்துக்கு முரணானதல்ல என்று கூறி, வெறுங்குழாய்க்குத் தனி அனுமதி கொடுத்தார்.

நாங்கள் விடுவோமா? அத்தனை குடுவைக்கு நடுவில் ஒரு மொட்டைக் குழாய்! வரிசையே கெட்டுப்போயிற்றே! எல்லாரும் உறைபனியில் கரையில் திரண்டு நின்றோம். படகுக்குள் எப்படி இருப்பது? ஒவ்வொன்றிலும் மணி அலறிக்கொண்டிருந்தது. புகாரோடு பெரிலுடைய கதவைத் தட்டினோம். திறந்தவர் ஹார்போட்டில், கோட்டைக் கழற்றிப்போட்டு, கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு.

"உங்க குறை ரொம்ப நியாயமானது," என்றார். "கோடை வரட்டும், பரிசீலிக்கறேன். இப்பக் கதவச் சாத்துங்க, சூடு போயிடும்."