சேதுராமன் நாக்கு நீட்டிய விழா

மனித நாகரிகம் மூன்று படிகளில் வளர்ந்தது. முதற் படியில் மனிதன் பசித்தபோது தின்றான். இரண்டாம் படியில் மணி பார்த்துத் தின்றான். மூன்றாம் படியில், அதாவது சென்ற ஏப்ரலில், கண்டி மாநகரில், முன்னோட்டம் பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கினான். அந்த மூன்றாம் படியைக் கட்டிக்கொடுத்த புகழ் 'மலைத்துளி' குளிர்பானக் கம்பனியைச் சேரும். அதில் முதற் காலை வைத்த புகழ் ஓய்வுபெற்ற இலிகிதர் சேதுராமனைச் சேரும்.

சேதுராமன் முப்பத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்த கடிதங்களுக்கெல்லாம் 'கிடைத்தது, கவனிக்கப்படும்' என்று பதில் எழுதியவர். ஓய்வுபெற்ற பிறகு கடிதங்கள் நின்றுபோயின, பதில் எழுதும் கை நிற்கவில்லை. ஆகவே ஒரு மாலை, போனில் பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டு, கலஹாவில் தாம் படித்த பள்ளிக்கூட வாசலில் விற்ற, குச்சியில் உறைந்த சிவப்பு ஐஸ் பழத்தைப் பற்றி முகநூலில் எழுதினார்.

சாதாரணமாகவா எழுதினார்? ஐஸ் பழத்தைக் கடிக்கக் கூடாது. நுனி வெள்ளையாகும்வரை நிறத்தை மட்டும் உறிஞ்ச வேண்டும் என்று எழுதினார். முழங்கைவரை ஒழுகும் துளியை எந்தக் கோணத்தில் நக்க வேண்டும் என்று எழுதினார். வீடு திரும்பும் வழியில் பிள்ளைகள் வரிசையாக நின்று நாக்கை நீட்டுவதையும், எவன் நாக்கு அதிகச் சிவப்போ அவனே அன்றைய ராஜா என்பதையும் எழுதினார். பதினோராயிரம் பேர் 'லைக்' போட்டார்கள். கனடாவிலிருந்து ஒருவர் பனியில் நின்று அழுததாகப் படம் அனுப்பினார்.

ஒரேயொரு சிறு குறை. சேதுராமன் தம் வாழ்நாளில் அந்த ஐஸ் பழத்தைத் தின்றதே இல்லை.

அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். ஐஸ் பழம் என்பது காய்ச்சலைக் குச்சியில் குத்தி விற்கும் ஏற்பாடு என்பது அவருடைய மருத்துவத் தீர்ப்பு. ஆகவே மணிச்சத்தம் கேட்டதும் சேதுராமன் ஓடிப்போய் நிற்பான். மற்றவர்கள் தின்பதை ஐந்து வருடம் பார்த்தான். நாக்கு நீட்டும் நேரம் வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு வீடுவரை மூக்கால் மூச்சு விட்டான்.

கம்பனியிலிருந்து சஞ்சீவனி என்ற விளம்பர மேனேஜர் வந்தாள். அதே ஐஸ் பழத்தை 'அன்றைய ஐஸ்' என்ற பெயரில் மீண்டும் வெளியிடப்போகிறார்களாம்.

"வெளியீட்டு விழாவுல மொத ஐஸ் பழத்த நீங்கதான் சாப்புடணும் அங்கிள். வாயில வச்சு எழுபதாவது செக்கன்ல கண்ணீர் வரணும்."

உண்மையைச் சொல்லிவிடத்தான் சேதுராமன் வாயைத் திறந்தார். ஆனால் அவள் நீட்டிய கடிதத்தில் 'தலைமை நினைவாளர்' என்று அச்சடித்திருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'தலைமை' வந்ததில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், "கிடைத்தது, கவனிக்கப்படும்" என்றார்.

கூட்டங்கள் தொடங்கின. ஐஸ் பழத்தின் 'முதல் பார்வை' ஒரு துணியால் மூடி வெளியிடப்பட்டது. அடுத்து 'டீசர்': ஒரு துளி பதினொரு செக்கன் ஒழுகியது. டீசரில் குச்சியைக் காட்டுவதா என்று மூன்று மணி நேரம் விவாதித்து, அரைக் குச்சி காட்டலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். 'லாஸ்ட் பஸ்' என்ற பொப் இசைக் குழு பாடலுக்கு ஒப்பந்தமானது. கலஹாவுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, பேராதனையில் விடியும்வரை பாடிக்கொண்டிருந்த நான்கு பையன்கள்தான் அந்தக் குழு. அதன் பாடகன் ஷாமில் எழுதிய பாட்டில் மொத்தம் இரண்டு சொற்கள். ஒன்று 'ஐஸ்'. மற்றது 'ஓ'.

சுவையை உறுதிசெய்ய, அந்தக் காலத்தில் தினம் ஐஸ் பழம் தின்ற ஜெயராஜையும் வீரசிங்கத்தையும் நாவலப்பிட்டியிலிருந்து கார் வைத்து அழைத்துவந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டார்கள். ஜெயராஜ் கண்ணை மூடி யோசித்து, "ஜில்லுன்னு இருந்துச்சுங்க" என்றார். வீரசிங்கம் இன்னும் ஆழமாக யோசித்துவிட்டு, "ஆமா, ஜில்லுன்னுதான்" என்று வழிமொழிந்தார். இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் சேதுராமன் அழுகைப் பயிற்சி செய்தார். வரவில்லை. மனைவி சுந்தரிக்குப் பொறுக்கவில்லை.

"டிவி நாடகத்துல நாய்க்குட்டி தொலைஞ்சதுக்கு மூணு நாள் அழுதீங்களே, ஒரு ஐஸ் பழத்துக்கு அழ மாட்டீங்களா?"

இந்த நிலையில்தான் சஞ்சீவனி போன் எடுத்து, ஒரு 'சர்ப்ரைஸ்' என்றாள். அந்தக் காலத்தில் சைக்கிளில் ஐஸ் பழம் விற்ற ஹபீல் நானா தெல்தோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாராம். எழுபத்தாறு வயதாம். ஞாபகசக்தி அபாரமாம். விழா மேடையில் அங்கிளுக்குப் பக்கத்திலேயே கதிரையாம்.

பதினோராயிரம் பேர் நம்பிய பொய்யை உலகத்தில் ஒரே ஒரு மனிதரால் உடைக்க முடியும். அந்த ஒருவரைத்தான் கார் வைத்து அழைத்து வருகிறார்கள். அன்றே தடிமன் பிடிக்கட்டும் என்று சேதுராமன் மூன்று தரம் தலைக்குக் குளித்தார். உடம்பு முன்னெப்போதும் இல்லாத ஆரோக்கியத்தில் இருந்தது.

விழா நாள் வந்தது. வாவிக்குப் பக்கத்து மண்டபத்தில் அறுநூறு பேர். மேடைக்குப் பின்னால், நடப்பதைப் பெரிதாக்கிக் காட்ட இருபதடித் திரை. 'லாஸ்ட் பஸ்' குழுவினர் இரண்டு சொற்களையும் இருபது நிமிடம் பாடி முடித்தார்கள். வெள்ளைத் தொப்பியுடன் ஹபீல் நானா வந்து உட்கார்ந்து, சேதுராமனை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டி, இவரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

சேதுராமன் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாபகமில்லாம? டிஸ்பென்சர் ஐயாட மகன்தானே. மழையோ வெயிலோ, ஒரு நாளும் தவறல்ல. நான் பெல் அடிச்சா மொத ஆளா இவர்தான் வந்து நிப்பார்."

மண்டபம் கைதட்டியது. 'வந்து நிப்பார்' என்றுதான் அவர் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஹபீல் நானாவும் சொல்லவில்லை. சேதுராமன் பக்கம் திரும்பி ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார்.

புகை கிளம்பியது. நான்கு பேர் வெள்ளித் தட்டில் ஒரு ஐஸ் பழத்தைச் சுமந்துவந்தார்கள். சேதுராமன் எடுத்தார். கடிக்கவில்லை. நுனியை உறிஞ்சினார். முழங்கைத் துளியைச் சரியான கோணத்தில் நக்கினார். ஐம்பது வருடம் மனப்பாடம் செய்த பாடத்தைத் திருப்பி ஒப்பித்தார். அறுபதாவது செக்கனில், விழாவையும் கண்ணீரையும் 'தலைமை'யையும் மறந்து, அந்தப் பத்து வயதுப் பயல் எதற்காகக் காத்திருந்தானோ அதைச் செய்தார். திரையைத் திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டினார்.

இருபதடி உயரத்தில் ஒரு நாக்கு தெரிந்தது. வெளிறிப்போய், காலையில் பல் விளக்கும்போது இருந்த அதே நாக்கு. 'செயற்கை நிறம் சேர்க்கப்படவில்லை' என்று உறையில் பெருமையோடு எழுதியிருந்ததை அவர் படித்திருக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் சேதுராமன்.

ஒலிவாங்கி அவர் வாயருகே இருந்தது. அறுநூறு பேரும் கேட்டார்கள். சஞ்சீவனி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத்தான் சைகை என்று நினைத்த டிரம்ஸ்காரன் ஒரு அடி அடித்தான். ஷாமிலுக்கு மூன்றாவது சொல் கிடைத்துவிட்டது.

"இவ்வளவுதானா… ஓ… இவ்வளவுதானா…"

அதன்பின் நடந்ததைக் கண்டி மறக்காது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்கள் கதிரை மேல் ஏறினார்கள். வங்கி மேனேஜர்கள் கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சுழற்றினார்கள். சுந்தரி கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆடினாள். எல்லோரும் நாக்கை நீட்டி 'செல்பி' எடுத்தார்கள். ஹபீல் நானா தோளை மட்டும் குலுக்கினார். சேதுராமனும் ஆடினார். ஏன் ஆடுகிறோம் என்று தெரியாத ஆட்டத்தைப்போல இன்பமான ஆட்டம் வேறில்லை என்று அன்று அவருக்கு விளங்கியது.

பாட்டு எட்டு நாளில் எட்டு லட்சம் பேரைப் பிடித்தது. 'அன்றைய ஐஸ்' அடுத்ததாகப் புளிப்புத் தேசிக்காய்ச் சுவையிலும் வெளியானபோது, மக்கள் 'இவ்வளவுதானா' என்று பாடியபடியே கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஒரு பொருளைப் பற்றிய உண்மையை வாங்குவதற்கு முன்பே, ராகத்தோடு, ஒருமித்த குரலில் சொல்லிவிட்டு வாங்கும் நேர்மை வேறெந்த ஊரில் உண்டு?

சேதுராமனின் மனச்சாட்சிதான் ஆடி முடித்ததும் விழித்துக்கொண்டது. 'மேற்படி ஐஸ் பழத்தை நான் சிறுவயதில் உண்டதில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்' என்று கடிதம் எழுதிக்கொண்டு கம்பனிக்குப் போனார். சஞ்சீவனி படித்தாள். கோப்பில் போட்டாள்.

"தெரியும் அங்கிள். ஹபீல் நானா மொத நாளே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏம்மா என்னைய மேடை ஏத்தினீங்க?"

"தின்னவங்களத்தான் கேட்டுப் பாத்தோமே. ஜில்லுன்னு இருந்துச்சாம். கெடச்சத யாரு அங்கிள் ஞாபகம் வச்சிருக்கா? கெடைக்காததத்தான் நாங்க விக்கிறோம்."

இன்னொரு கடிதத்தை எடுத்து வைத்தாள். அடுத்த வெளியீடு பம்பாய் முட்டாய். கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சுபோல, ரோஸ் நிறத்தில் இழை இழையாக இருக்குமே, அது. 'பிரதம நினைவாளர்' என்று அச்சடித்திருந்தது.

"இதையாவது சின்ன வயசுல தின்னிருக்கீங்களா அங்கிள்? உண்மையச் சொல்லணும்."

கண்ணாடிக்குள் இருப்பதால் அது சுத்தமானது என்று டிஸ்பென்சர் ஐயா தீர்ப்பளித்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல், ஏழு வருடம், மகனுக்கு வாங்கிக் கொடுத்தார்.

"ஒரு நாளும் இல்லம்மா. மத்தவங்க தின்னுறத தூர நின்னு பாத்ததோட சரி" என்று தொண்டை கரகரக்கச் சொன்னார் சேதுராமன்.

சஞ்சீவனியின் கண்கள் கலங்கின. பேனையை நீட்டினாள்.

கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்த பிரதம நினைவாளர், விழாவுக்கு உதவுமே என்று, அந்தப் பம்பாய் முட்டாயை ஞாபகப்படுத்திப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழி முழுவதும் முயன்றும் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

இனிப்பாக இருந்தது.