கிராபிக்ஸ் காட் கேட்ட மாப்பிள்ளை

"உம்மா கேக்கிறாங்க, நீங்க வாங்கப்போற லெப்டொப் கேம் விளையாடவா எண்டு," என்றாள் மனைவி முஸ்பிறா.

றாஸிக்கின் வாய்க்குப் போன வட்டிலப்பம் பாதிவழியில் நின்றது. கேட்ட மாமி சபியா உம்மா இரண்டடி தள்ளி, அறைவாசல் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். கேள்வி அவன் காதிலும் நன்றாகவே விழுந்தது. ஆனால் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து மாமியும் மருமகனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அந்தக் குடும்பத்தில் அதுதான் மரியாதை. எல்லாக் கதையும் முஸ்பிறா வழியாகவே போய்வரும்.

கேம் விளையாடத்தான். அதில் என்ன சந்தேகம்? வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் தன் உம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மருதமுனையில் பிறந்த வீட்டில் குந்தி, நாலு கூட்டாளிகளோடு சுட்டுத்தள்ளிக்கொண்டிருந்தான். போன மாதம் பழைய லெப்டொப் புகைவிட்டு மௌத்தானது. பெருநாளுக்குள் வராவிட்டால் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். கையில் இருந்ததோ ரெண்டு லட்சம். அந்தக் காசுக்குக் கல்முனைக் கடைகளில் கேமுக்குத் தேவையான கிராபிக்ஸ் காட் இருந்தால் ரேம் போதாது, ரேம் போதுமென்றால் திரையில் கோடு. மாமி கொஞ்சம் போட்டால்தான் உருப்படியாக ஒன்று எடுக்கலாம்.

ஆனால் நீர்ப்பாசன அலுவலக மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் மாமியிடம் துப்பாக்கி விளையாட்டுக்குக் காசு கேட்பது எப்படி?

"கேமா? நானா?" என்று குரலை உயர்த்தினான். "அது வேல வெட்டி இல்லாத பொடியன்மார்ர சோலி. அப்பிடி விளையாடுறவன் என்ட கையில அகப்பட்டா செகிட்டில ரெண்டு குடுப்பன். இது ஆபிஸ் வேலைக்கு."

திரைக்குப் பின்னால் எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. மாமி கதிரையை நகர்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

முஸ்பிறா திரைக்குள் தலையை விட்டுவிட்டு வந்தாள். "ஆபிஸ் வேலைக்கெண்டா சின்னனொண்டு போதும் எங்கிறாங்க."

"சின்னதில கிராபிக்ஸ் காட் இரிக்காதே."

"அது என்னத்துக்கு?"

"ஊட்டுப் பிளேன் கீற."

அலுவலகத்தில் றாஸிக் பார்ப்பது லீவு விண்ணப்பம். அவன் கடைசியாகக் கீறியது ஒன்பதாம் வகுப்பில் ஒரு தவளை.

"அப்ப றுஸ்தாட ஊட்டுக்கு நீங்களே பிளேன் கீறட்டாம்," என்றாள் முஸ்பிறா சந்தோஷமாக.

றுஸ்தா அவளுடைய தங்கை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டாமல் மாப்பிள்ளை பேச முடியாத ஊர். பின்வளவில் கல்லும் மண்ணும் ஏற்கெனவே வந்து கிடந்தன.

இரண்டு மூன்று பின்னேரம் அடிமட்டத்தோடு மல்லுக்கட்டி ஒரு பிளேன் கீறினான். வீடு கட்ட வந்த அப்துல் ஸமட் மேசன் அதை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"எல்லாம் நல்லாரிக்கி தம்பி. உள்ள போற வாசல் எங்க?"

"அது கிராபிக்ஸ் காட் இல்லாமத் தெரியா."

மேசன் மரியாதையோடு தலையாட்டினார். பதில் திரைக்குள் போனது. மருமகன் தங்களுக்காகப் படும் பாட்டை நினைத்து மாமி அழுதுவிட்டாராம். றாஸிக்குக்கும் கண் கலங்கியது. காரியம் பழுத்துவிட்டது என்ற ஆனந்தம்.

பெருநாளுக்கு முந்தின நாள் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. செருப்பில்லாமல் ஓடினான். ஒரு பெட்டியில் சாம்பல் நிறத்தில் ஒல்லியான ஆபிஸ் லெப்டொப். அடுத்ததில் பிரிண்டர்.

"எல்லாம் உம்மாட காசு," என்றாள் முஸ்பிறா. "பிளேன் கீற இது தாராளமாப் போதும் எண்டு கடைக்காரர் சொன்னாராம். உங்கட ரெண்டு லட்சத்தில றுஸ்தாட ஊட்டுக்கு நிலையும் கதவும் எடுப்பமாம். வாசல்தானே குறையாக் கிடக்கு."

றாஸிக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேமைப் போட்டுப் பார்த்தான். திரையில் ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். அதே நேரம் மருதமுனையிலிருந்து போன் வந்தது.

"மச்சான், வெள்ளிக்கு வாறியா?"

"ஏலாடா," என்றான். "பிளேன் வேல."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். கதவைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணியோடு வந்த றுஸ்தா, அசையாமல் நிற்கும் சிப்பாயையும் மச்சானின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேம்தான் விருப்பமெண்டு உங்கட உம்மாட்டக் கேட்டறிஞ்சி, பெருநாளைக்குத் தர எடுத்த கேம் லெப்டொப்பத் திரைக்குப் பின்னால பக்கத்தில வெச்சிக்கிட்டுத்தானே மச்சான், எங்கட உம்மா அண்டைக்கு அப்பிடிக் கேட்ட."