ழகரத்துக்கு எது தலை?

உலகத்தில் எழுத்து என்று ஒன்று பிறந்ததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். என்றாவது ஒருநாள் 'கரியாஹாட் தமிழன்பர் பேரவை' அதற்கு ஒரு கண்காட்சி வைக்கும் என்று அந்தக் காலத்துச் சுமேரியனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஆட்டையும் பார்லியையும் எண்ணிக்கொண்டிருந்த மனுஷன் எதற்காகக் களிமண்ணில் குத்திக் கீறிவைக்க வேண்டும்?

பேரவையின் இணைச்செயலாளர் மஹாதேவன் ஆகிய நான் இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறோம்.

எங்கள் செயற்குழு நாலு பேர். தலைவர் ரமேஷ்பாபு, சாந்த்ராகாச்சி யார்டில் சிக்னல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யாராவது பேச எழுந்தால் கையைத் தூக்கிச் சிவப்பு காட்டுவார். கலைப்பிரிவு விஜயலக்ஷ்மி அக்கா, பொருளாளர் செந்தில்நாதன், அப்புறம் அடியேன். நாலு பேரும் ரயில்வே காலனியில் பிறந்து, இந்தியிலும் பெங்காலியிலும் படித்து, தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். எங்கள் தமிழில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வசவு மட்டும் கேட்டால் மதுரைக்காரனே மயங்கி விழுவான்.

"எழுத்துகளின் தோற்றமும் வளர்ச்சியும்: நிரந்தரக் கண்காட்சி" என்று தலைவர் அறிவித்தபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்குப் புல்லரித்தது. செந்தில்நாதனுக்குக் கொட்டாவி வந்தது, ஆனால் அதை ஆமோதிப்பாகவே குறிப்பில் பதிவு செய்தோம்.

கண்காட்சிக்கு இடம்? கட்டடத்தில் ஒழுகாத அறை ஒன்றுதான். அதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவிப்ரியா என்கிற பெண் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விருதுநகர்ப் பக்கம். செக்டர் ஃபைவில் ஐ.டி. வேலை. வாரம் பூராவும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, லீவு நாளில் எவன் வீட்டுப் பிள்ளைகளுக்கோ அ, ஆ போட்டுக் காட்டுகிறவளை என்னவென்று சொல்வது!

"சார், அந்த ரூமை எடுத்துட்டா பிள்ளைங்க எங்க உட்காரும்?" என்று நேராகவே கேட்டாள். "இப்பதான் ஒண்ணொண்ணும் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்கு. இப்ப விட்டா மறந்திரும் சார்."

"ஏம்மா, கிளாஸ் எங்க வேணும்னாலும் நடக்கும். களிமண் பலகை நடக்குமா?" என்றார் தலைவர்.

வரலாற்றில் இடம்பெற வேண்டிய கேள்வி. அவள் முறைத்தாள்.

வேலை மும்முரமாக நடந்தது. சுமேரியப் பலகைகளைக் குமார்டுலியில் துர்க்கை சிலை செய்கிறவர்களிடமே ஆர்டர் கொடுத்தோம். மிச்சக் களிமண்தான், அசல் கங்கை. பலகைகளில் லேசாக மகிஷாசுரனின் சாயல் இருந்தது என்று சிலர் சொன்னார்கள். பொறாமை. எகிப்துக்காரனின் கழுகுக்கு மட்டும் எப்படியோ மீன் முகம் அமைந்துவிட்டது. ஊர் ராசி அப்படி. சீனத்து ஆமை ஓடு, சிந்துவெளி முத்திரை எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. எல்லா எழுத்தும் தமிழிலிருந்துதான் போனது என்று தலைவர் நிரூபித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். கையைத் தூக்கிச் சிவப்பு காட்டினார்.

வாசலில் மூங்கிலால் ஓர் ஆளுயர 'ழ' நிறுத்துவதென்று முடிவானது. பூஜைப் பந்தல் போடும் நிமாய் நாங்கள் கொடுத்த படத்தைப் பார்த்து அருமையாகக் கட்டிக்கொண்டு வந்தான். வண்டியிலிருந்து இறக்கும்போது படம் காற்றில் பறந்துபோனது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்ற நிமாய் எங்களைப் பார்த்துக் கேட்டான்:

"தாதா, கோன்டா ஷோஜா, கோன்டா உல்டோ?"

எது நேர், எது தலைகீழ் என்கிறான். நாங்கள் நால்வரும் சிரித்தோம். தமிழனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! அப்புறம் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. தலைவர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார், நடைபாதையிலேயே.

"வால் கீழே தொங்கணும். எந்த வாலும் கீழேதான் தொங்கும்" என்றார் தலைவர்.

"அது மாட்டு வால். இது மொழி. கொடி மாதிரி மேலே நிக்கணும்" என்றாள் விஜயலக்ஷ்மி அக்கா.

செந்தில்நாதன், மூங்கிலை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பினால் இன்னும் களையாக இருக்கும் என்றான். எனக்கு நாலாவதாக ஒரு கோணம் தோன்றியது.

நல்லவேளை, நாங்கள் எல்லோரும் சட்டையிலும் புடவையிலும் 'ழ' பதித்த பேட்ஜ் குத்தியிருந்தோம். அதைப் பார்த்து முடிவு செய்வோமே என்று நான்தான் சொன்னேன். பார்த்தோம். ஆளுக்கொரு திசையில் குத்தியிருந்தோம்.

"தேவிப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டுட்டா என்ன?" என்றான் செந்தில்நாதன். அவனுக்கு எப்போதும் குறுக்குப் புத்தி.

"பேரவையோட தன்மானம் என்னாறது? போட்டுப் பாத்திரலாம் ஓட்டு" என்றார் தலைவர்.

எழுத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஓர் எழுத்துக்கு எது தலை என்பது ஜனநாயக முறையில் தீர்மானிக்கப்பட்டது. எந்த ராஜாவுக்கும் தோன்றாத யோசனை. நாலு கோணத்துக்கும் தலா ஒரு ஓட்டு விழுந்தது. தலைவர் தன் சிறப்பு வாக்கைப் பயன்படுத்தினார். நிமாய் தலையைச் சொறிந்துகொண்டே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். அவ்வளவு கம்பீரமாக நின்றது.

அடுத்து, காட்சிப் பொருட்களுக்கு விளக்க அட்டை. தமிழில் இருக்க வேண்டும். இந்த இடத்தில் செயற்குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் தேவிப்ரியாவுக்கு அந்த 'அரிய வாய்ப்பு' வழங்கப்பட்டது.

"எழுதித் தர்றேன் சார். ஆனா ரூமைக் கிளாஸுக்குத் திருப்பித் தருவீங்களா? ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் போதும்."

"பரிசீலிக்கிறோம்மா" என்றார் தலைவர்.

பாவம், நம்பினாள். ஆபீஸ் விட்டு வந்து வந்து எல்லா அட்டையும் எழுதினாள். முத்து முத்தான கையெழுத்து என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தூரத்திலிருந்து எனக்கும் அப்படித்தான் பட்டது. எல்லாம் முடிந்ததும் தலைவர் வாக்குத் தவறாமல் பரிசீலித்தார். வகுப்புக்குப் படிக்கட்டுக்கு அடியில் இடம் ஒதுக்கப்பட்டது. ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர், மறுபக்கம் செருப்பு ஸ்டாண்டு. நல்ல காற்றோட்டம், மழை பெய்தால் நீரோட்டமும் உண்டு.

தேவிப்ரியா அந்த இடத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

"பிள்ளைங்களுக்குச் செருப்பு வைக்கிற இடம்தானா சார் கிடைச்சுது?" என்றாள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. இன்னும் ஒரு அட்டை பாக்கி இருக்கு. உங்க குரூப் போட்டோவுக்குக் கீழே ஒண்ணும் எழுதலையே."

எவ்வளவு பெரிய மனசு! கண்காட்சியின் கடைசிச் சுவரில், எல்லா நாகரிகங்களுக்கும் அப்புறம், எங்கள் நால்வரின் படம் மாட்டியிருந்தோம். வளர்ச்சியின் உச்சம் என்கிற முறையில். அங்கேயே நின்று மடமடவென்று எழுதி ஒட்டினாள்.

"என்னம்மா எழுதியிருக்கே?" என்று தலைவர் கேட்டார்.

"உள்ளதைத்தான் சார்."

"அதானே வேணும். மிகைப்படுத்தக் கூடாது" என்றார் தலைவர், தன்னடக்கத்தோடு.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து பழைய எழுத்துகளில் கரைகண்ட ஒரு பேராசிரியரை அழைத்திருந்தோம். காரை விட்டு இறங்கியதும் வாசல் மூங்கிலை அண்ணாந்து பார்த்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு பணிவாகக் கேட்டார்:

"இது எந்த நாட்டு எழுத்துங்க? நான் பாத்ததில்லையே."

"உங்க நாட்டுதான் சார்" என்றோம், ஒரே குரலில்.

எங்கள் கண்காட்சி ஒரு நிபுணருக்கே புதிய எழுத்தை அறிமுகப்படுத்தியதில் எங்களுக்குக் கர்வம் இருக்காதா? மாடியேறி உள்ளே போனார். சுமேரியாவைத் தாண்டினார், எகிப்தைத் தாண்டினார். எங்கள் படத்துக்கு எதிரே அப்படியே நின்றுவிட்டார். அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். விழாவுக்கு வந்திருந்த தமிழ் ஐ.டி. இளைஞர்கள் அதைப் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உற்சாகத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது.

"இங்க இருக்கிறதுலேயே ஆதாரத்தோட இருக்கிற அட்டை இது ஒண்ணுதான்" என்றார் பேராசிரியர். "சத்தமா வாசிக்கட்டுமா?"

"வேண்டாம் சார், லூச்சிப் பூரி ஆறிடும்" என்றார் தலைவர், கூச்சத்தோடு. புகழ்ச்சியை நேரில் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"எழுதினவங்க எங்க?"

"கீழே சார். படிக்கட்டுக்கு அடியில."

பேராசிரியர் லூச்சியும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம் என்று கிடுகிடுவென்று கீழே இறங்கிப்போய், செருப்புகளுக்கு நடுவே பிள்ளைகளோடு சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். விழா முடியும்வரை மேலே வரவே இல்லை. பெரியவர்கள் எப்போதுமே எளிமையானவர்கள். மேலே நாங்கள் அவர் நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

அன்று முதல் அந்த அட்டையைப் பார்க்க வருகிற தமிழர்கள் ஏராளம். எல்லோரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு மரியாதை. பேரவையின் இந்தச் சாதனை உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்த அறிக்கையை வெளியிடுகிறேன். நான் வாயால் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்கிறது. தமிழ் எங்கே போய்விட்டது பாருங்கள்! அட்டையின் மேல் போனைக் காட்டினேன். அதிலிருந்த எழுத்தையும் அப்படியே எடுத்துக் கீழே போட்டுவிட்டது. அதைப் படித்தும் காட்டுமாம், ஆனால் அந்த வசதிக்கான பொத்தானுக்குப் பெயர் தமிழில் இருக்கிறது.

எங்களைப் பற்றி என்ன பாராட்டியிருக்கிறாள் என்று, தெரிந்தவர்கள் யாராவது பேரவைக்குப் போன் செய்து சொன்னால் புண்ணியமாகப் போகும். அட்டை வாசகம் இதுதான்:

'எழுத்து சாகும் விதம்: படிக்கிற பிள்ளைகளை அறையை விட்டுக் கிளப்பினால் போதும். கிளப்பியவர்கள், இடமிருந்து வலம்: ரமேஷ்பாபு, விஜயலக்ஷ்மி, செந்தில்நாதன், மஹாதேவன். நால்வருக்கும் இதைப் படிக்கத் தெரியாது.'