ஓட்டைக் கூரைக்கு நிதி கேட்ட கதை

நிதி கேட்பவர்கள் கஷ்டப்பட்டால் மட்டும் போதாது. பார்க்க வருகிற நேரத்தில் கஷ்டப்படுவதாகத் தெரியவும் வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைச் சமாளிக்கத் தெரியாமல்தான் நான் ஒரு மனிதரைத் தலையோடு காலாக நனைத்து அனுப்பினேன்.

விம்கோ நகரில், முன்பு லேத் பட்டறையாக இருந்த ஒரு கொட்டகையில், பத்தாம் வகுப்பில் தோற்று வேலைக்குப் போய்விட்ட பெண்களுக்கு மாலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (மழை இல்லாத நாட்களில் நடத்தினேன் என்பதே சரி.) ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். மழை பெய்தால் கணக்குப் புத்தகம் கூழாகும். மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு தனியார் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன். ‘தாக்கம்’, ‘நிலைத்தன்மை’ என்று ஏதேதோ கட்டங்கள். ‘மக்கள் பங்கேற்பு’ என்ற கட்டத்தில், ‘மக்கள் உற்சாகமாகப் பங்கேற்பார்கள்’ என்று எழுதினேன். மற்ற கட்டங்களில் என்னென்னவோ அளந்திருந்தேன்; இது ஒன்றுதான் அப்படியே பலித்தது.

அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும், பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஷகிலாக்காவிடம் சொன்னேன். அவர் மகள் நூர்ஜஹானும் என்னிடம்தான் படித்தாள்.

“எதையும் மாத்தாதீங்கக்கா. எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்.”

“நீ கவலப்படாத டீச்சர், நாங்க பாத்துக்கிறோம்” என்றார். அந்த வார்த்தைக்கு நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அதிகாரி வரும் நாள் காலை போனால் கொட்டகையைக் காணோம். வாசலில் வாழைமரம், சுவரில் புது வெள்ளை, தரையில் சிவப்புக் கம்பளம். யாரிடமோ இரவல் வாங்கிய கம்ப்யூட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. (கரண்டு இணைப்பு கிடையாது.) ஓட்டைகள் தெரியாதபடி கூரைக்கு அடியில் மஞ்சள் துணி; சொட்டக் கூடாதென்று அதற்கும் மேல் ஒரு தார்ப்பாய். துணி நடுவில் தொங்கியதை அழகுக்காக விட்ட தொய்வு என்று நினைத்தேன்.

“என்னக்கா இது?”

“இன்னா டீச்சர், வூட்டுக்கு வர்ற மனுசனுக்கு கலீஜா கீறதையா காட்டுவாங்க? நம்ம மானம் இன்னாவறது?”

“கலீஜா இருந்தாதான்க்கா காசு தருவாங்க!”

“அப்பிடி ஒரு காசா?” அவர் முகம் சுருங்கியது. நான் பதில் சொல்வதற்குள் கார் வந்துவிட்டது.

இறங்கியவர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர். கழுத்தில் மாலை விழுந்தது, கையில் ரோஸ்மில்க் திணிக்கப்பட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்க ஆபீஸைவிட நல்லா இருக்கே மேடம்” என்றார்.

“மேல முழுக்க ஓட்டை சார்.”

“எங்கே?”

“துணிக்கு மேல சார்.”

ஷகிலாக்கா முந்திக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார். டீச்சர் சும்மா சொல்லிகினு கீது.”

எனக்கு அழுகை வந்தது. பரீட்சை, கூழான புத்தகம் எல்லாம் ஒன்றாகத் தலைக்கேற, நாற்காலிமேல் ஏறித் துணியின் முடிச்சைப் பிடித்து இழுத்தேன்.

முந்தின ராத்திரி பெய்த மழை மொத்தமும், துணியோடு ஒரே முடிச்சாகக் கட்டியிருந்த தார்ப்பாயில் தங்கியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? காக்கை இறகும் பாசியுமாக அது அவர் தலையிலேயே விழுந்தது. ரோஸ்மில்க் டம்ளர் வழிந்தது.

“இப்ப பாத்தீங்களா சார்?” என்று கேட்டேன். (கேட்காமல் இருந்திருக்கலாம்.)

ஷகிலாக்கா ஓடிவந்து முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார். அதிகாரி மாலையைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறினார்.

பிறகு பதில் வந்தது. உள்ளூர் மக்களின் ஆதரவு தாராளமாக இருப்பதால் எங்களுக்கு வெளி உதவி தேவையில்லையாம். நனைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய மனசு.

அந்த மழைக்காலம் முழுக்க வகுப்பு நடக்கவில்லை. நூர்ஜஹான் பரீட்சை எழுதாமல், தண்டையார்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு முழுநேர வேலைக்குப் போய்விட்டாள். ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்காமலே இட்லி கட்டிக்கொடுத்த ஷகிலாக்கா, ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: “அந்தத் துணிய நான் கட்டாம வுட்டுருக்கணும் டீச்சர்.”

“நானும் இழுக்காம விட்டிருக்கணும்க்கா.”



இப்போதெல்லாம் எங்கள் தெருவில் கூரை ஒழுகினால் யாரும் ஒழுகுகிறது என்று சொல்வதில்லை. போன மழையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சொட்ட ஆரம்பித்தது. என் கணவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் குரல் கொடுத்தார்:

“பக்கெட்ட எடுத்துனு வா டீச்சர், ஃபண்டு வந்துகினு கீது!”