‘ஆபீஸ்’ஸுக்கு ‘எஃப்’ சேர்த்த கதை

ஒரு காலத்தில் நான் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. வாயைத்தான் பார்ப்பேன். அதிலிருந்து இங்கிலீஷ் வார்த்தை ஏதாவது கோணலாக வெளியே வருமா, பாய்ந்து பிடித்து நிமிர்த்தலாமா என்று காத்திருப்பேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்போது அதற்குப் பெயர் சமூக சேவை என்று நினைத்திருந்தேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் வீடு ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் நான். (இரண்டாவது தடவையில். அதை நானாக யாரிடமும் சொன்னதில்லை.) பாஸான சந்தோஷத்தில் பழைய புத்தகக் கடையில் ஓர் உச்சரிப்பு அகராதி வாங்கினேன். ‘எம்’ எழுத்து வரைக்கும் நன்றாக இருந்தது. அதற்கு மேல் கரையான் படித்து முடித்திருந்தது. பரவாயில்லை, மிச்ச எழுத்துகளை நம் சொந்த மூளையால் சமாளித்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்துவிட்டேன்.

அம்மா ‘டேசன்’ என்றால் ‘ஸ்டேஷன்’ என்பேன். முடிவெட்டுகிறவர் ‘மிசின் போடட்டா?’ என்றால், ‘மெஷீன்’ என்று அவர் சரியாகச் சொல்லும்வரை தலையைக் கொடுக்க மாட்டேன். ஒருநாள் அம்மா ஜுரத்தில் சுருண்டு கிடந்தாள்.

“ஆசுபத்திரிக்கி இட்டுகினு போடா” என்று முனகினாள்.

“ஹாஸ்பிடல்னு சொல்லும்மா.”

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். “பேர ஒய்ங்கா சொன்னாத்தான் மருந்து குடுப்பானா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அதிலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்போது எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் டாலி கிளார்க். அதாவது, கப்பல் தளத்தில் அட்டையும் பென்சிலுமாக நின்று, போகிற மூட்டைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேதான் வரதப்பனைச் சந்தித்தேன்.

வரதப்பன் சிக்னல்மேன். துறைமுகத்தில் எல்லோரும் ‘சிங்கல்மேன்’ என்பார்கள், அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். (என் உள்ளம் எப்படிக் கொதித்திருக்கும், பாருங்கள்.) பாரம் தூக்கும் வின்ச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. கப்பல் கிடங்கின் வாயோரம் ஓர் ஆள் நின்று மேலும் கீழும் பார்த்து, கையைக் காட்டிக் குரல் கொடுக்க வேண்டும். அவர் தூக்கச் சொன்னால் டிரைவர் தூக்குவார், இறக்கச் சொன்னால் இறக்குவார். அந்தக் குரலுக்குள்தான் கீழே நிற்கிற இருபது பேருடைய தலையும் இருக்கிறது. வரதப்பன் முப்பது வருஷமாக அந்தக் குரலைக் கொடுத்து வந்தார். ஒருத்தர் தலையிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவருக்கு மரகதம் என்று ஒரு மகள். திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டையில் வீடு. என்னிடம் அவர் என்னத்தைக் கண்டாரோ, ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேச்செடுத்தார். அடுத்த வாரம் பெண் பார்க்கப் போனோம். மரகதம் காப்பி கொண்டுவந்து நீட்டினாள்.

“கிளாசு சுடுது, பாத்துப் புடிங்கோ” என்றாள்.

‘கிளாசு’. என் அகராதியில் முழுசாக இருந்த ‘ஜி’ எழுத்து வார்த்தை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அவள் என் விரல் சுட்டுவிடுமோ என்று கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட முதல் வார்த்தை அதுதான்.

தை மாதம் நிச்சயம் செய்யலாம் என்று பேச்சு. நான் தரையில் நடக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் சிலோனுக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தோம். கீழே கரையில் கயிற்று வலையில் மூட்டைகளை அடுக்குவார்கள். வலையின் நாலு முனையையும் கொக்கியில் மாட்டியதும் வரதப்பன் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றி, “ஆபீஸ்!” என்பார். வலை எழும்பும். கிடங்குக்கு நேராக வந்ததும் உள்ளங்கையைக் கவிழ்த்து, “ஆரியா!” என்பார். வலை இறங்கும். காலையிலிருந்து ஆபீஸ், ஆரியா, ஆபீஸ், ஆரியா.

‘ஆரியா’ எனக்குப் புரியவில்லை. ஏதோ சாமி பேர் என்று விட்டுவிட்டேன். ஆனால் ‘ஆபீஸ்’? ஆபீஸ்காரர்களைக் கூப்பிடுகிறாரா, ஆபீஸுக்கு அனுப்பச் சொல்கிறாரா என்ற யோசனையெல்லாம் எனக்கு வரவில்லை. ஒரு மனிதர் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை ‘எஃப்’பைக் கொலை செய்கிறார் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அதுவும் நாளைக்கு எனக்கு மாமனாராக வரப்போகிறவர்.

மத்தியான வாக்கில் ஒரு மூட்டை கிழிந்து வெங்காயம் சிந்த ஆரம்பித்தது. வரதப்பன் வலையைக் கப்பல் தளத்திலேயே இறக்கி வைக்கச் சொன்னார். கொக்கி மாட்டியது மாட்டியபடியே இருந்தது. மூட்டையைத் திருப்பி வைப்பதற்காக அவரே வலைக்குள் ஏறிக் குனிந்தார். வின்ச்சு நின்று, கொஞ்சம் சத்தம் அடங்கியது.

இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? நான் அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

“மாமா, ஒரு விஷயம். தப்பா நினைக்கக் கூடாது.”

“இன்னா நைனா?” மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“நீங்க சொல்றீங்களே, அந்த வார்த்தை. அது ஆபீஸ் இல்லை. நடுவிலே ‘எஃப்’ இருக்கு. மேல்பல்லால கீழுதட்டைத் தொட்டுக் காத்தை விடணும்.”

“காதுல வியலப்பா. பொறவு சொல்லேன்.”

பிறகாவது! உண்மை காத்திருக்குமா? நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் போல ஆள்காட்டி விரலை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினேன். மேல்பல்லால் கீழுதட்டைத் தொட்டேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

“ஆஃபிஸ்!”

வின்ச்சு டிரைவர் காதர் பாய்க்கு ‘எஃப்’ பற்றியெல்லாம் அபிப்பிராயம் கிடையாது. நிற்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நின்றான், விரலைச் சுற்றினான், குரல் கொடுத்தான். மூட்டைக்குப் பின்னால் குனிந்திருந்த வரதப்பன் அவர் கண்ணில் படவில்லை. தூக்கிவிட்டார்.

வலை வாயை மூடிக்கொண்டது. ஆறு மூட்டை வெங்காயமும் என் வருங்கால மாமனாரும் ஒரே கட்டாக வானத்தை நோக்கிக் கிளம்பினார்கள்.

இறக்கச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன்: “டவுன்! லோயர் இட் டவுன், ப்ளீஸ்!” உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. கூடவே இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசி வீசி ஆட்டினேன். அதற்கு அங்கே ‘சீக்கிரம் தூக்கு’ என்று அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காதர் பாய் சீக்கிரம் தூக்கினார். கிழிந்த மூட்டையிலிருந்து வெங்காயம் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

“ஐயோ, எறக்குங்கய்யா! மாமா மேல கீறாரு!” என்று கடைசியில் என் தாய்மொழி வந்தது. இங்கிலீஷ், அகராதி எல்லாம் எங்கோ போய்விட்டன. வின்ச்சு இரைச்சலில் அதுவும் யார் காதிலும் விழவில்லை.

அப்போது உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல். வலைக் கண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்தது.

“ஆரியா... காதர், மெள்ள ஆரியா...”

அந்தக் குரலைக் காதர் பாய்க்கு எந்த இரைச்சலிலும் தெரியும். அண்ணாந்து பார்த்தவர் முகம் வெளுத்துப்போனது. ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி அவரைத் தளத்தில் இறக்கினார். ஆனாலும் ஒரு கால் மூட்டைக்கு அடியில் மடங்கிவிட்டது. வரதப்பன் எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். ராயபுரத்து ஆங்கிலோ-இந்தியர், முன்கோபக்காரர். “யார் மேன் சிக்னல் குடுத்தது?” என்று கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். எந்த மொழியும் வரவில்லை.

“நாந்தான் சார்” என்றார் வரதப்பன். “கீயிந்த மூட்டையாச்சே, கூடவே போயி பாத்துக்கலாம்னு தோணிச்சி.”

காதர் பாய் என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். சூப்பர்வைசர் வரதப்பனுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருஷத்தில் அவர் வாங்கிய முதல் தண்டனை. நான் கையில் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கதையில் நீங்கள் சிரிக்காமல் இருக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே காலடிப்பேட்டைக்குப் போனேன். வரதப்பன் கட்டிலில் காலில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்திருந்தார்.

“வா நைனா, குந்து. அங்கருந்து பாத்தா நம்ம காசிமேடு மொத்தமும் தெரியுதுப்பா. ஷோக்கா கீது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஏன் மாமா என்னைச் சொல்லலை?”

“நீ புச்சா சேந்தவன். ஒன்ன வூட்டுக்கு அனுப்பிடுவான். எனக்கு ஒரு வாரந்தானே. காலுக்கும் ரெஸ்ட்டாச்சி.” சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “ஆமா, மெய்யாலுமே இன்னாதான் சொல்ல வந்தே?”

சொன்னேன். ‘எஃப்’, மேல்பல், கீழுதடு எல்லாம். அவர் கட்டில் ஆடுகிற மாதிரி சிரித்தார்.

“அது இங்கிலீசே இல்ல நைனா! கப்பக்காரன் பாஷ. ஆபீஸ்னா தூக்கு, ஆரியான்னா எறக்கு. எந்த ஊரு பாஷன்னு எங்க நைனாவுக்கே தெரியாது.”

ஆக, இங்கிலீஷே இல்லாத ஒரு வார்த்தையின் இங்கிலீஷைத் திருத்தி ஒரு மனிதரின் காலை உடைக்கப் பார்த்திருக்கிறேன்.

மரகதம் கதவோரம் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“எங்க நைனா முப்பது வருசமா தப்பா சொல்லிகினு கீறாரு. ஒருத்தரும் வுயுந்ததில்ல. நீங்க ஒரே ஒரு தபா கரெட்டா சொன்னீங்கோ” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “கத்தினது தப்பில்ல. தெரியாம கத்துனீங்கோ. சூப்பர்வைசரு கேக்கசொல்லோ வாய மூடிகினு நின்னீங்களே, அதான்.”

‘கரெட்டா’ என்றாள். எனக்குத் திருத்தத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். எழுதிக் கொடு என்றார். எழுதினேன். அந்தக் கடிதத்தின் முக்கியமான வரியை அவருக்கு வாய்விட்டுப் படித்தும் காட்டினேன்: விபத்துக்குக் காரணம் என்னுடைய சரியான ‘ப்ரொனௌன்ஸியேஷன்’.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னொரு தடவை சொல்லு, மேன்.”

“ப்ரொனௌன்ஸியேஷன், சார்.”

“ப்ரொனன்ஸியேஷன்” என்றார் அவர், மிகவும் மெதுவாக.

உச்சரிப்பு என்ற வார்த்தையையே நான் இத்தனை நாளும் தப்பாக உச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். (‘பி’ எழுத்தைக் கரையான் சாப்பிட்டுவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?) அவர் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, வரதப்பனின் தண்டனையை எடுத்துவிட்டார். கால் சரியாகும்வரை லீவு என்று எழுதினார். எனக்குக் கொடுத்த தண்டனை வேறு: இனிமேல் நான் எந்தக் கப்பலிலும் கால் வைக்கக் கூடாது.

“நீ இங்கேயே, இந்த ஆபீஸிலேயே உட்கார், மேன். வாயைத் திறக்காமல் எழுது.”

முப்பத்திரண்டு வருஷம் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

தை மாதம் நிச்சயம் நடக்காமல் போய்விடுமோ என்று பயந்து, அம்மாவை அனுப்பாமல் நானே போய்க் கேட்டேன். வரதப்பன் மகளைப் பார்த்தார்.

“போயி சொல்லிட்டாரு இல்ல? அது போதும் நைனா” என்றாள் மரகதம். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினாள். “நான் பேசறதும் கோணலாத்தான் இருக்கும். திருத்துவீங்களா?”

“மாட்டேன். சத்தியமா மாட்டேன்.”

“திருத்துங்கோ. தரையில நிக்கசொல்லோ திருத்துங்கோ. எதுனா மேல ஏறிகினு இருந்தா சும்மா இருங்கோ.”

கல்யாணத்தில் மாமா லேசாக நொண்டிக்கொண்டே எல்லோரையும் வரவேற்றார். கேட்டவர்களுக்கெல்லாம் அவரே கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் போன உயரம் கூடிக்கொண்டே போனது. கடைசிப் பந்தியில் அவருக்கு அங்கிருந்து சிலோனே தெரிந்தது.

என் மூத்த பெண் பிறந்ததும் மாமா அவளைத் தூக்கும்போதெல்லாம் “ஆபீஸ்!” என்பார். இறக்கிவிடும்போது “ஆரியா!” என்பார். அவள் முதலில் பேசக் கற்றது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான். அதனால் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்” என்று நான் சொன்ன உடனே, அவள் இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்பாள். தூக்காமல் தாண்ட முடியாது. அடுத்துப் பிறந்த இரண்டு பேரும் அவளிடம் கற்றுக்கொண்டார்கள். மூன்று பேரையும் வரிசையாகத் தூக்கி இறக்கிவிட்டு நான் போய்ச் சேரும்போது தினமும் பத்து நிமிஷம் லேட். சூப்பர்வைசர் கேட்கும்போது காரணத்தைச் சொல்வேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

நான் ரிட்டையரான அன்று காலையில், “கடைசியா ஒரு தடவை ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்” என்றேன். அதற்காகவே புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த மூத்த பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், வாசலை மறித்து நின்றுகொண்டு இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

என்ன செய்வது? குனிந்து தூக்கினேன். தரையிலிருந்து அரை அடி எழும்பியிருப்பாள், என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அடுக்களையிலிருந்து மரகதம் கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஆரியா! ஐயோ, மெள்ள ஆரியா!”